வேர்க்குரு

ஏனாம்
20-3-2023

அன்புள்ள அண்ணிக்கு,

கலைவாணி எழுதுகிறேன். நானும் உங்கள் தம்பியும் சுகமாக வந்து சேர்ந்தோம். காக்கிநாடாவில் இறங்கிப் பஸ் பிடித்ததில்தான் கொஞ்சம் குலுக்கல். அங்கே நீங்கள், அண்ணன், அபிக்குட்டி எல்லோரும் சௌக்கியம்தானே?

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். இங்கே உங்கள் தம்பிக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகிறது. கடைப் பலகை, பஸ் போர்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் தெலுங்கு. தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. போனில் நீங்களும் உங்கள் தம்பியும் பேசி முடித்து என் கைக்கு வரும்போது 'சாப்ட்டியா, தூங்கினியா' மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதனால் மாதம் ஒரு கடிதமாவது போடுங்கள். அங்கன்வாடியில் இத்தனை பதிவேடு எழுதுகிறீர்கள், எனக்கு ஒரு பக்கம் எழுத மாட்டீர்களா?

முக்கியமான விஷயம். மாசி மகத்துக்கு வந்தபோது அடுப்படியில் உங்கள் காதில் சொன்னேனே, அது உறுதியாகிவிட்டது. ஸ்கேன் பார்த்தார்கள். எட்டு வாரம். இதயம் துடிப்பதை டாக்டர் காட்டினார். உங்கள் தம்பி அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலு வருஷம் ஆயிற்று அண்ணி, இந்தச் சேதியை எழுத.

அபி மேலில் இருந்த வேர்க்குரு போய்விட்டதா? அன்றைக்கு மத்தியானம் என் வயிற்றைக் கட்டிக்கொண்டு தூங்கினாளே, அந்தச் சூடு இன்னும் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. அவளுக்கு என் முத்தம்.

உங்கள்
கலைவாணி

---

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
27-3-2023

அன்புள்ள கலைவாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனசு நிறைந்துபோயிற்று. இங்கே நாங்கள் எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். நீயும் செம்மலும் அதேபோல் இருக்க வேண்டும்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "செம்மலு அப்பனாவப் போறானா" என்று வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். மாலையில் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தோம்.

ஃபோலிக் அமில மாத்திரையை விடாதே. பப்பாளி, அன்னாசி என்று பயமுறுத்துவார்கள், அதையெல்லாம் விடு. கீரை, முட்டை, வேர்க்கடலை சாப்பிடு. வாந்தி வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. குடம் தூக்காதே. செம்மலைத் தூக்கச் சொல்.

அபி நன்றாக இருக்கிறாள். அந்த வேர்க்குரு அடங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
2-4-2023

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் இப்போது நலம். 'இப்போது' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு.

போன வாரம் இரண்டு நாள் லேசான காய்ச்சல். முகத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வந்து, மறுநாள் கழுத்து, மார்பு, முதுகு என்று இறங்கியது. காதுக்குப் பின்னால் நெறி கட்டி, தொட்டால் வலித்தது. விரல் கணுவெல்லாம் பிடித்துக்கொண்டு, மாவு பிசைய முடியவில்லை. மூன்றாம் நாள் புள்ளி தானாக மறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வெயில் சூடு என்று மோர் கொடுத்தார்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். உங்கள் தம்பி, "அக்காகிட்ட கேட்டுக்கலாம். அவங்களுக்கு இதெல்லாம் தெரியும்" என்கிறார். அடுத்த பரிசோதனை இருபதாம் தேதி. அதுவரை பொறுக்கலாமா, இல்லை இப்போதே போய்ச் சொல்ல வேண்டுமா? உடம்பில் இன்ன இன்ன இடத்தில் வந்தது என்று போனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அபியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கலைவாணி

---

முத்தியால்பேட்டை
17-4-2023

அன்புள்ள கலைவாணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கணக்கெடுப்பு வேலை, வீடு வீடாக வெயிலில் அலைச்சல். வைத்திக்குப்பத்தில் மீன் ஏலம் முடிந்த பிறகுதான் பெண்கள் வீட்டில் கிடைப்பார்கள், அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அபியை நர்சரியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கினோம். உன் அண்ணனின் வண்டிக்கு எப்.சி. சோதனை முடிந்தது.

நீ கேட்டது. வெயில்தான். இந்த மாதங்களில் உடம்பு சூடாகத்தான் இருக்கும். இளநீர் குடி. போய்விட்டது என்றுதானே எழுதியிருக்கிறாய், அதை நினைத்துப் பயந்துகொண்டிருக்காதே. பயம்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

இங்கு எல்லோரும் நலம்.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
14-7-2023

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார், நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொல்கிறார். என் மேல் வருத்தம் ஏதும் இல்லையே? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

எனக்கு ஆறு மாதம். குழந்தை நன்றாக உதைக்கிறது. எடை மட்டும் வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். நீங்கள் சொன்னபடி முட்டையும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருப்பேன். அப்பா என் தம்பியோடு இருக்கிறார், அவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அங்கே யார் எனக்குப் பத்தியம் சமைப்பார்கள்? உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? 'புருஷனுடைய அக்கா வீட்டிலேயா பிரசவம்' என்று இங்கே ஒருத்தி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிற உரிமை இருக்கிறது என்று நினைத்துக் கேட்கிறேன்.

கலைவாணி

---

முத்தியால்பேட்டை
19-7-2023

அன்புள்ள கலைவாணி,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே பதில். வா. அடுத்த மாதமே வந்துவிடு. வளைகாப்பும் இங்கேயே செய்துவிடலாம். முன்னறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மேல் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்?

வரும்போது ஸ்கேன் காகிதங்கள் ஒன்றுவிடாமல் எடுத்து வா.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
18-1-2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகமாக வந்து சேர்ந்தோம். மூன்று பேர் என்று எழுதும்போது கை கூசுகிறது, பெருமையில்தான். நீங்கள் இப்போதாவது நன்றாகத் தூங்குகிறீர்களா? நாலு மாதம் எங்களால் உங்களுக்குத் தூக்கம் இல்லை.

சுடர்விழி மூன்றே முக்கால் கிலோ வந்துவிட்டாள். பிறந்தபோது ஒன்று தொள்ளாயிரம் இருந்தவள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளே, அந்த நாட்களில் பால் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு நான் படுத்துவிடுவேன். வராந்தாவில் நின்றது நீங்கள். இதயத்தில் மூட வேண்டிய சின்னக் குழாய் ஒன்று மூடவில்லை என்றார்களே, இங்கே காட்டியதில் அது கிட்டத்தட்ட மூடிக்கொண்டுவிட்டது என்கிறார்கள். உங்கள் கைப்பத்தியம்தான் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பூண்டுக் குழம்பு வைத்து, குழந்தையின் துணியைக்கூட என்னைத் தொடவிடவில்லை. பெற்றவள்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள். நான் நன்றி சொன்னபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நேரில் சொல்ல விடாததால் எழுதுகிறேன்.

அவள் சமர்த்து. பொங்கலுக்குப் பக்கத்துத் தெருவில் வெடி வைத்தார்கள், அசையாமல் தூங்கினாள். குக்கர் விசில் அடித்தாலும் அப்படித்தான். இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் வைத்த பெயர் பொருத்தம். கண்ணாலேயே எல்லோரையும் கூப்பிடுகிறாள்.

உங்கள்
கலைவாணி

---

முத்தியால்பேட்டை
6-2-2024

அன்புள்ள கலைவாணிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றி சொல்லாதே.

குழந்தையைக் காது டாக்டரிடம் காட்டு. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு எல்லாம் பார்ப்பதுதான், எங்கள் அங்கன்வாடியிலும் அனுப்புவோம். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வலிக்காது. தள்ளிப்போடாதே. செம்மல் 'அப்புறம் பாக்கலாம்' என்றால் கேட்காதே. இந்த மாதமே போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
25-3-2024

அண்ணிக்கு,

விசாகப்பட்டினத்தில் இரண்டு நாள் இருந்து சோதனை செய்தோம். சுடர்விழிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. கொஞ்சம்கூட இல்லை. வெடி வைத்தபோது அவள் தூங்கியதைச் சமர்த்து என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா?

டாக்டர் பெண்மணி தமிழ் தெரிந்தவர். இதயக் காகிதத்தையும் எடையையும் பார்த்துவிட்டு, "முதல் மூணு மாசத்துல காய்ச்சல் வந்து உடம்புல சிவப்புப் புள்ளி வந்துதாம்மா?" என்று கேட்டார். வந்தது என்றேன். குழந்தையின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். ரூபெல்லா என்கிற அம்மை. பெரியவர்களுக்கு மூன்று நாள் புள்ளி, அவ்வளவுதான். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குத்தான் இப்படி. "அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, உடம்புல புள்ளி வந்த குழந்தை யார்கூடயாவது இருந்தீங்களா?" என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார்.

அண்ணி, அபிக்கு அன்று இருந்தது வேர்க்குருதானே?

போனில் கேட்கலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். போனில் என்றால் உடனே பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் யோசித்தே சொல்லுங்கள்.

கலைவாணி

---

முத்தியால்பேட்டை
4-5-2024

கலைவாணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. நேரே எழுதிவிடுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று உன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

அது வேர்க்குரு இல்லை.

அபிக்கு மூன்றரை மாதத்தில் ஊசி போட்ட அன்று காய்ச்சல் கொதித்தது. கண் மேலே செருகிக்கொண்டது. உன் அண்ணன் சேலத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நான் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே விளையாடினாள். ஆனால் என் மனசு அதோடு விட்டுப்போயிற்று. அடுத்தது ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. அப்போது கொரோனா. எல்லோரும் தள்ளிப்போட்டார்கள், நானும் தள்ளிப்போட்டேன். மற்றவர்கள் அப்புறம் போய்ப் போட்டுவிட்டார்கள். வைத்திக்குப்பத்தில் வர மாட்டேன் என்று நின்ற பெண்களை நானே கையைப் பிடித்து அழைத்துப்போனேன். என் பிள்ளையை அழைத்துப்போகவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் கலைமகள் கேட்டாள். "எங்கம்மா ஊர்ல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பதிவேட்டில் தேதி எழுத வேண்டுமே. ஊசி போடும் நாள் புதன்கிழமை என்பதால், காலண்டரில் ஒரு புதன்கிழமை பார்த்து எழுதினேன். இரண்டாவது ஊசிக்கும் அப்படியே இன்னொரு புதன்கிழமை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் நீ அடுப்படிக்கு வந்து, "அண்ணி, நாள் தள்ளிப் போயிருக்கு. அவருக்குக்கூட இன்னும் சொல்லல" என்றாய். மறுநாள் காலையில் அபிக்குத் துணி மாற்றும்போது காதுக்குப் பின்னாலும் முகத்திலும் சிவந்திருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. உன் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, அம்மையாட்டம் இருக்குது?" என்றார். "வேர்க்குரு. நீங்க சும்மா இருங்க" என்றேன். பவுடரை எடுத்துப் பூசினேன். வீடு நிறைய ஆட்கள். அம்மை என்று சொன்னால் வேப்பிலை கட்ட வேண்டும், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கலைமகள் வந்து ஊசி அட்டையைக் கேட்பாள். என் பொய் வெளியே வரும். அதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. நீ வந்து அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சுடுதே அண்ணி" என்றாய். "வெயில்" என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரி அம்மை இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது என்று நானே எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். அன்று மத்தியானம் அவள் உன்னைக் கட்டிக்கொண்டு தூங்கியதை வாசலில் நின்று பார்த்தேன். எழுப்பவில்லை.

அது ஒரு தப்பு. அடுத்தது அதைவிடப் பெரிது.

நெறி கட்டியது, விரல் வலித்தது என்று நீ எழுதியதைப் படித்த அன்றே சுகாதார நிலையத்துக்குப் போனேன். கலைமகளிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "மூணு மாசத்துக்குள்ள வந்தா தாய்க்கு ஒண்ணும் இல்லக்கா. குழந்தைக்குத்தான். காது, கண்ணு, இருதயம். யாருக்குக்கா?" என்றாள். "யாருக்கும் இல்ல, புஸ்தகத்துல படிச்சேன்" என்றேன். வீட்டுக்கு வந்து, 'உடனே டாக்டரிடம் போ, ரத்தம் பார்க்கச் சொல், அபிக்கு இருந்தது அம்மை' என்று உனக்கு எழுதினேன். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். போடவில்லை. போட்டால் அந்தக் குழந்தையைக் கலைக்கச் சொல்வார்கள், நாலு வருஷம் காத்திருந்து வந்தது போய்விடும், உனக்காகத்தான் போடாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ என்ன முடிவு எடுத்திருப்பாயோ, அது உன் முடிவு. அதை நான் எடுத்துக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

நீ இங்கே இருந்த நாட்களில் தினமும் மத்தியானம் நீ பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கண் நன்றாக இருந்தது. சுடர்விழி என்று பெயர் சொன்னது அதனால்தான். தலைக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். தட்டைக் கீழே போட்டேன். பக்கத்து அறையிலிருந்து நீதான் "என்ன அண்ணி விழுந்துச்சு" என்று கேட்டாய். அவள் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த பிறகும் மூன்று மாதம் கழித்துத்தான் 'காது டாக்டரிடம் காட்டு' என்று எழுதினேன், அதுவும் காரணத்தை மறைத்து.

போன மாதம் சூப்பர்வைசரிடம் போய்ப் பதிவேட்டைக் காட்டி, இரண்டு தேதியும் பொய் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்குமா, போகுமா தெரியாது. கலைமகளிடமும் சொன்னேன். அவள் என்னோடு பேசுவதில்லை. அபிக்கு ஊசி போட்டாயிற்று. அவள் அழக்கூட இல்லை. ஒரு நாள் காய்ச்சல்கூட வரவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கேட்டால் நீ ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
24-5-2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. கலைவாணி படித்தாள். பிறகு நான் படித்தேன். அவள் நாலு நாள் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறாள்.

போன் செய்யாதே. மாமாவையும் செய்ய வேண்டாம் என்று சொல்.

சின்ன வயதில் அம்மா மில்லுக்குப் போனபின் எனக்குச் சோறு போட்டவள் நீ. நீ சொன்னால் சரியாக இருக்கும் என்றே வளர்ந்துவிட்டேன். டாக்டரிடம் போகிறேன் என்று அவள் அன்றைக்கே சொன்னாள். உன்னைக் கேட்கலாம் என்று நிறுத்தியது நான். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டினால் நன்றாக இருக்கும்.

செம்மல்

---

முத்தியால்பேட்டை
15-10-2024

கலைவாணிக்கு,

இதற்குப் பதில் வேண்டாம். பத்தொன்பதாம் தேதி சுடர்விழிக்கு ஒரு வயது. நன்றாக இருக்கட்டும். துணி எடுக்கலாம் என்று நேரு வீதி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். எந்த அளவு எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாக்கியலட்சுமி

---

ஏனாம்
12-12-2024

அண்ணிக்கு,

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். அபி, அண்ணன் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சுடர்விழி நடக்கிறாள். இரண்டு வாரமாக யார் கையையும் பிடிப்பதில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். காதுக்கு வெளியே மாட்டும் கருவி ஆறு மாதம் போட்டுப் பார்த்தோம், பயன் இல்லை. உள்ளே வைக்கும் கருவிக்கு அரசுத் திட்டத்தில் அனுமதி வந்துவிட்டது. ஜனவரி இருபதாம் தேதி சென்னையில் அறுவை சிகிச்சை. அதை வைத்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. இரண்டு மூன்று வருஷம் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். அதைச் சொல்லி உங்கள் தம்பி புதுச்சேரிக்கே மாற்றல் கேட்டார், கிடைத்துவிட்டது. லாஸ்பேட்டையில் வீடு பார்த்திருக்கிறோம். முத்தியால்பேட்டையில் வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. முதலில் உங்களை வைய வேண்டும் என்று படித்தேன். நீங்கள் எனக்குத் தலை துவட்டிவிட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அது அன்பா, பயமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

அந்த டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன், அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. "கலைச்சிடலாம்னுதாம்மா பெரும்பாலும் சொல்வோம். முடிவு உங்களோடது" என்றார். நான் என்ன முடிவு எடுத்திருப்பேன் என்று யோசிக்கப் போனால் இவள் வந்து முந்தானையை இழுக்கிறாள். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்ததால்தான் இவள் இருக்கிறாள் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவர்களை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்வேன். நீங்களும் அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், இவள் இல்லாமல் போயிருக்கலாம் என்று ஒரு நொடிகூட என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. ஆனால் இரண்டு காரியம் நீங்கள் செய்ய வேண்டும்.

ஒன்று. கருவி பொருத்திய பிறகு வீட்டில் யாராவது ஓயாமல் அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இது தண்ணீர், இது கதவு, இப்போது சாதம் பிசைகிறேன் என்று ஒன்றுவிடாமல். எனக்கு மத்தியானத்துக்கு மேல் தொண்டை வராது. செவ்வாயும் வெள்ளியும் அங்கன்வாடி விட்டதும் நீங்கள் வர வேண்டும். அவளோடு பேச வர வேண்டும். என்னோடு பேச வேண்டியதில்லை. அபியையும் அழைத்து வாருங்கள். குழந்தை மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது. அவளுக்குக் கேள்வி கேட்கிற வயது வரும். 'எனக்கு ஏன் காதுக்குள் மெஷின், மற்றவர்களுக்கு ஏன் இல்லை' என்று கேட்பாள். நான் பதில் சொல்ல மாட்டேன். அவரும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளைக் கூட்டிவந்து உங்கள் முன்னால் உட்காரவைப்பேன். எனக்கு எழுதியதுபோல் அவளுக்கும் நீங்களே சொல்ல வேண்டும். பவுடர் பூசியதையும் தபால் பெட்டி வரை போனதையும் விடாமல் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரைக்கும் நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

நீங்கள் பாதியாக இளைத்துவிட்டதாக அண்ணன் உங்கள் தம்பிக்கு போன் செய்து அழுதாராம். சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

கலைவாணி

---

முத்தியால்பேட்டை
24-12-2024

கலைவாணிக்கு,

கடிதம் கிடைத்தது. வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அபியோடு வருகிறேன். அவள் வாய் ஓயாமல் பேசுகிறவள், எனக்குத் துணையாக இருப்பாள்.

வேலை போகவில்லை. ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தி, நோணாங்குப்பம் பக்கத்து மையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பஸ்ஸில் போய் வருகிறேன். மூன்று மணிக்குள் லாஸ்பேட்டைக்கு வந்துவிட முடியும், நேரம் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டாய், அன்பா, பயமா என்று. எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

சுடர்விழிக்கு நானே சொல்வேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். கலைமகள்தான் இருந்தாள். கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றெழுபது இருந்தது. "எத்தினி நாளா தலை சுத்துது?" என்று கேட்டாள். "ஆறு மாசமா" என்றேன். "ஏன் வரல?" என்றாள். வரத் தோன்றவில்லை என்றேன். அவளே டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரை எழுதி வாங்கினாள். தினமும் காலையில் ஒன்று, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாதாம்.

இன்றோடு ஆறு மாத்திரை விழுங்கியிருக்கிறேன்.

பாக்கியலட்சுமி